ஒரே திராட்சை, ஏழு மாதம்: ரியோஹா ஒயினில் துவர்ப்பைப் படித்த அனுபவம்

போன அக்டோபரில் ஒரு முடிவு எடுத்தேன். ஏழு மாதத்துக்கு ஒரே திராட்சைதான், தெம்ப்ரானியோ. வேலைக்காக ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் இருக்கிற லோக்ரோன்யோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து நடந்தால் எப்ரோ ஆறு, ஊர் எல்லையைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம். இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு, கையில் கிடைத்த ஒயினை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துப் பார்த்ததில் நாக்கில் எதுவும் தங்கவில்லை. இதுவும் நன்றாக இருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல வார்த்தை வரவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஸ்பானிஷில் 'தெம்ப்ரானோ' என்றால் சீக்கிரம். மற்ற ரகங்களுக்கு முன்னால் பழுத்துவிடுவதால் இந்தத் திராட்சைக்கு அந்தப் பெயர். ரியோஹா சிவப்பு ஒயினில் பெரும்பங்கு இதுதான். சில பாட்டில்களில் கர்னாச்சா, கிராசியானோ போன்ற வேறு திராட்சை ரகங்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அதை நான் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு பாட்டில், குடிக்க மூன்று பேர்: நான், மனைவி, எதிர்வீட்டுப் பெரியவர். பாட்டிலைக் காலுறைக்குள் நுழைத்து, பெயர் தெரியாமல் கொண்டுவருவது மனைவியின் பொறுப்பு. நோட்டில் மூன்றே கேள்விகள் எழுதி வைத்தேன். துவர்ப்பு வாயில் எங்கே பிடிக்கிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? எப்படி விடுகிறது?

துவர்ப்பை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஒயின் வர்ணனைகளில் வரும் பழங்களில் பாதியை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. ராஸ்பெர்ரி வாசனை வருகிறதா என்று கேட்டால் என் மூக்குக்கு எதுவும் நினைவுக்கு வராது. ஆனால் துவர்ப்பு எனக்குத் தெரியும். கொட்டைப்பாக்கு, கடுக்காய், வாழைப்பூ, பிஞ்சுக் கொய்யா என்று ஒவ்வொன்றும் வாயை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வளர்ந்தவர்கள் நாம். உண்மையில் அது நாக்கு மட்டும் அறிகிற சுவை இல்லை, வாய் முழுக்க உணர்கிற ஒரு தொடு உணர்வு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டேனின், உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் வறண்டுவிடுகிறது.

அக்டோபர், நவம்பர் முழுக்க இளம் ஒயின்கள். ரியோஹா அலவேசா பகுதியில் திராட்சைக் குலையை நசுக்காமல் அப்படியே தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே நொதிக்க விடும் பழக்கம் இருக்கிறது. விவசாயி வீட்டு ஒயின் என்ற பொருளில் 'கோசெச்செரோ' என்பார்கள். லௌரெல் தெருவில் பிஞ்சோ என்கிற சிறுதீனியைக் காளானில் செய்தது சாப்பிட்டுக்கொண்டே இதைத்தான் குடித்தேன். கிளாஸை முகத்தருகே கொண்டுபோனதும் பூவன் பழ வாசனை! இந்த முறையில் நொதிக்கும்போது வாழைப்பழத்தில் இருக்கும் அதே மணப்பொருள் உண்டாகிறது என்று அப்புறம்தான் படித்தேன். துவர்ப்பு பெயருக்குத்தான். ஈறு ஓரமாக லேசாக ஒட்டிவிட்டு உடனே விட்டுவிடும்.

டிசம்பரில் கிரியான்சா. ரியோஹாவில் இந்தப் பெயர் போட வேண்டுமானால் ஒயினுக்குக் குறைந்தது 2 வருடம் ஆகியிருக்க வேண்டும், அதில் 1 வருடம் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். பீப்பாயின் அளவு 225 லிட்டர். இரண்டாவது வாரம் ஊற்றியதும் எனக்கு வந்தது கொப்பரை வாசனை. சந்தேகமே இல்லை, வெயிலில் காயப் போட்ட கொப்பரை. பிரமையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் வந்தது. கேட்டபோது பெரியவர், "அது அமெரிக்க ஓக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மரத்தில் இருக்கிற லாக்டோன் என்ற பொருள்தான் தேங்காயை நினைவூட்டுகிறது. ஓக் மரத்தில் யூஜெனாலும் உண்டு, நம் கிராம்புக்கு மணம் தருவதும் அதுவே. இது தெரிந்த பிறகு எது திராட்சை, எது மரம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மரத்தின் துவர்ப்பு சற்றுப் பிந்தி, விழுங்கிய பிறகு, மேலண்ணத்தில் பிடிக்கிறது. தோலின் துவர்ப்பு முன்னாலேயே ஈறில் பிடித்துவிடுகிறது. என் வாய்க்கு அப்படித்தான் பிரிகிறது.

ஜனவரியில் ஒரு பாட்டில் கெட்டுப்போயிருந்தது. புளித்த வாசனை இல்லை. நனைந்து மூலையில் கிடக்கும் அட்டைப்பெட்டியின் வாசனை, பழ மணம் சுத்தமாக இல்லை. தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற பொருளால் வருவது இது. முதல் வாய்க்கே கண்டுபிடித்தது மனைவி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். கெட்டதை ஒருமுறை நிதானமாக முகர்ந்து வைத்துக்கொள்வது நல்லது, அதற்கப்புறம் மறக்காது.

பிப்ரவரியில் ஆரோ ஊருக்குப் போனோம். ரயில் நிலையத்தைச் சுற்றியே பெரிய ஒயின் ஆலைகள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் கொடிகளை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். வாங்கிய ஒயினை ஏற்றி அனுப்ப ரயில் பக்கத்தில் இருந்தது. 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரெதியா என்ற ஆலையில் இன்றும் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நிலவறைச் சுவரில் சிலந்தி வலையைக் கலைப்பதில்லை, தக்கையைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் என் மனதில் நின்றது முகா என்ற இன்னொரு ஆலையில் கேட்ட முட்டை விஷயம். ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கிறார்கள். அந்தப் புரதம் கரடான டேனினைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடுகிறது. என் வாயில் உமிழ்நீர் செய்கிற வேலையைப் பீப்பாய்க்குள் முட்டை செய்கிறது! அங்கேயே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். இந்த ஏழு மாதத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அது.

அதே கணக்கு சாப்பாட்டுக்கும் பொருந்துகிறது என்று மார்ச்சில் புரிந்தது. இங்கே திராட்சைக் கொடியை வெட்டி விட்ட குச்சிகளைக் காயவைத்து, அந்த நெருப்பில் ஆட்டுக்குட்டியின் சின்ன விலாத் துண்டுகளைச் சுடுவார்கள். உப்பு மட்டும்தான். கறியின் புரதமும் கொழுப்பும் டேனினை வாங்கிக்கொள்ள, தனியாகக் குடித்தபோது முரண்டு பிடித்த ரெசெர்வா (கிரியான்சாவைவிட அதிக காலம் வைத்திருந்த ஒயின்) அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் மட்டன் சுக்கா செய்து அதே ஒயினோடு வைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் சூடும் துவர்ப்பும் சேர்ந்து ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. "கடுக்காய்த் தண்ணி குடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. அடுத்த வாரம் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த கோசெச்செரோவோடு சாப்பிட்டோம். அது பொருந்தியது.

மார்ச் கடைசியில் கிரான் ரெசெர்வா. குறைந்தது 5 வருடம், அதில் பீப்பாயில் 2, பாட்டிலில் 2. காலையிலேயே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன், வண்டல் இறங்கட்டும் என்று. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்தால் நடுவில் மாதுளை, ஓரத்தில் செங்கல் நிறம். இளம் ஒயினில் அந்த ஓரம் நாவல்பழக் கறை போல ஊதாவாக இருக்கும். முதலில் முகர்ந்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து உலர்ந்த அத்திப்பழம், அப்புறம் புகையிலை, கடைசியில் மழைக்கு அடுத்த நாள் சருகு. கொப்பரை எங்கோ பின்னால் போய்விட்டது. வாயில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பிடிக்கும் இடம் தெரியவில்லை. ஈறிலும் இல்லை, அண்ணத்திலும் இல்லை, நாக்கின் மேல் மெல்லிய பருத்தித் துணி போர்த்தியது போல. வருடக்கணக்கில் டேனின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாகப் படிந்துவிடுகிறது. பாட்டிலின் அடியில் நான் பார்த்த கறுப்புத்தூளில் அதுவும் இருந்தது.

ஏப்ரலில் இதே திராட்சையை வேறு மண்ணில் பார்த்தேன். ரிபேரா டெல் துவேரோவில் இதற்குத் தின்தோ ஃபினோ என்று பெயர். 800 மீட்டர் உயரத்தை ஒட்டிய பீடபூமி, பகலில் வெயில், இரவில் குளிர். தோல் தடித்து, நிறமும் துவர்ப்பும் கூடுகிறது. டோரோ என்ற இன்னொரு பகுதியின் ஒயின் அதைவிட முரடு. அங்கே மணல் பாங்கான நிலத்தில் ஃபிலாக்ஸெராவால் பரவ முடியாததால், ஒட்டுப் போடாத பழைய கொடிகள் இன்னும் நிற்கின்றன. கொட்டைப்பாக்கு கடித்த பிடி. காற்றுப் பட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேண்டரில் ஒரு மணி நேரம் வைத்தும் பெரிதாக இளகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, பெரியவர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை எட்டுக் கிளாஸ் வைத்துச் சோதித்தோம். ஐந்தைச் சரியாகச் சொன்னேன். கிரியான்சாவையும் ரெசெர்வாவையும் இரண்டு இடத்தில் மாற்றிவிட்டேன், ஒரு ரிபேராவை டோரோ என்றேன். இளம் ஒயினிலும் கிரான் ரெசெர்வாவிலும் தவறே இல்லை. இந்த வாரத்திலிருந்து கர்னாச்சா. காம்போ தெ போர்ஹாவிலிருந்து வாங்கிய மூன்று பாட்டில் சமையலறை அலமாரியில் இருக்கிறது, காலுறையும் துவைத்துக் காயப் போட்டாயிற்று.