மொட்டை மாடியில் ஒரு திரை

ஜனவரி 5, 2025, ஞாயிறு

திருச்சி பொன்மலைச் சந்தையில் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒரே தெரு. அவர் பேர் எனக்குத் தெரியாது. பீகார்க்காரர்கள், கணவருக்கு ரயில்வேயில் வேலை. அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. எங்கள் தெருவில் இப்படி ஆறேழு குடும்பங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. மாதம் ஒருநாள் தெருவே சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தால் என்ன?

ஜனவரி 8, புதன்

வீட்டு உரிமையாளர் மொட்டை மாடியைத் தருகிறார். தெருவில் வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும்.

திருச்சிக்கு இது புதிதில்லை. 1905-இல் இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரும் சில துண்டுப் படங்களும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ரயில்வேக்காரர் ஒருவர் தொடங்கிவைத்ததை ரயில்வேக்காரர்கள் நிறைந்த எங்கள் தெருவில் செய்யப்போகிறோம் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 11, சனி

என்ன படம்? ஓடிடிக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்று ஊரைக் கூட்டிக் காட்டிவிட முடியாது. அது வீட்டில் பார்க்க மட்டும். நம் சட்டப்படி ஒரு படத்துக்கு, வெளிவந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அதைத் தாண்டிய பழைய படம் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். அதிலும் பேச்சே இல்லாத படம் என்றால் மொழித் தொல்லையும் இல்லை. சாப்ளினின் 'தி கிட்', 1921. அவர் 1971-இல் சேர்த்த இசை இல்லாமல், பழைய பிரதியையே போடுவது என்று முடிவு.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். வீடு வீடாகப் போய் அழைத்தேன். எதிர்வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஏழாவது படிக்கும் அவர்கள் மகள் நன்றாகவே தமிழ் பேசுகிறாள். அவள்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

ஜனவரி 25, சனி

திரை தயார். தெருமுனையில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா இரண்டு எட்டு முழ வேட்டிகளை நீளவாக்கில் ஒட்டித் தைத்துக் கொடுத்தார். நடுவில் பச்சைக் கரை வந்தால் ஆள் முகத்தில் கோடு விழும் என்று ஒட்டும் பக்கத்துக் கரைகளை முதலிலேயே வெட்டிவிட்டார். மேலே நாடா கோக்க மடிப்பு. கீழ் மடிப்பில் ஒரு மூங்கில், காற்றில் திரை உப்பாமல் இருக்க. இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. கூலி கேட்டேன், "முதல் வரிசையில இடம் போட்டு வை" என்றார்.

பிப்ரவரி 1, சனி

நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், அறுபதுக்கு மேல். நாற்காலி போதாமல் ஜமுக்காளம் விரித்தோம். ஏழு மணிக்குப் படம்.

நடுநடுவே வரும் ஆங்கில எழுத்துகளை அந்தக் காலத்தில் கொட்டகையில் ஆள் நின்று வாய்விட்டுச் சொல்வார்களாம். நாங்களும் அப்படியே செய்தோம். மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் தமிழில் சொல்ல, எதிர்வீட்டுச் சிறுமி இந்தியில் சொன்னாள். படத்தில் சாப்ளின் வளர்க்கும் பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்க, பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்ட வந்து நிற்கும் இடத்தில் இரண்டு பேர் குரலும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. பையனை சாப்ளினிடமிருந்து பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் கையை நீட்டி அழுகிறான். ஒரு சத்தம் இல்லை. தையல் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் எதிர்வீட்டு அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அக்கா தன் கையை அவர் கைமேல் வைத்தார்.

படம் முடிந்து ஒரு மணி நேரம் யாரும் கிளம்பவில்லை. ஒர்க்ஷாப்பில் ஓய்வுபெற்ற தாத்தா, டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து மேலே உட்கார்ந்து பார்த்ததையும் பின்னாலிருந்தவர் திட்டியதையும் சொன்னார். சிறுமி அதையும் இந்தியில் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா ஏதோ பதில் சொல்ல, அவள் திரும்பி, "எங்க ஊர்ல மேளாவுக்குப் போனா அம்மாவும் அப்படித்தானாம் தாத்தா" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வாசல் தெளிக்க வந்தேன். அன்றைக்குத் திரையில் காபி கொட்டியிருந்தது. தையல் அக்கா துவைக்க எடுத்துப் போயிருந்தார். அது எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டு அம்மா தமிழில் கேட்டார்: "அடுத்த படம் எப்போ?"