30 நாள் ட்ரையலில் 11 நாள் வாசலிலேயே போனது

வீட்டில் வைத்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளை வாங்கி விற்கலாமா என்று நானும் என் கூட்டாளியும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். சந்தை எவ்வளவு, போட்டிக்கு யார் யார், கருவி சரியாகத்தான் அளக்கிறதா, இந்த மூன்றுக்கும் பதில் தேடி எழுதித் தரவேண்டியது என் பொறுப்பு. கூகுளில் தேடினால் தளத்துக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். பாதிக்கு மேல் அறிக்கையை விற்பதற்கான முன்னோட்டங்கள். முக்கியமான எண் வரும் இடத்தில் மறைத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, நான் உறுப்பினராக இருக்கும் நூலகம் ஒரு வணிகத் தரவுத்தளத்தை 30 நாள் ட்ரையலுக்கு எடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போக முடியவில்லை. உறுப்பினர் எண்ணைப் போட்டால் அனுமதி இல்லை என்றது. வேறு பிரவுசரில் பார்த்தேன், குக்கீகளை அழித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன். மூன்று இரவு இப்படியே போனது. நூலகத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, ஒரே வரியில்: "உங்கள் கார்டைச் சரிபார்க்கவும்."

நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது காலாவதி ஆயிடுச்சு சார், முகவரிச் சான்று கொண்டு வாங்க" என்றார். கையில் இல்லை. மறுநாள் கொண்டுபோய்ப் புதுப்பித்தேன். புது எண் வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்றார்கள், சரி என்று வந்தேன். ஒரு நாளுக்கு இரண்டு நாளாகக் காத்திருந்து வீட்டில் திறந்தால் மறுபடியும் அதே செய்தி. தொலைபேசியில் கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்தார். "ட்ரையல்னா இங்க உள்ள வந்துதான் சார் பாக்க முடியும், வீட்ல வராது." அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பதினோராவது நாள். இந்த ஒரு வாக்கியத்தை முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இதை எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

காரணம் இதுதான். சந்தா கட்டிய தரவுத்தளம் என்றால் நூலகம் வழக்கமாக ஒரு பிராக்ஸி வைத்திருக்கும். நாம் வீட்டிலிருந்து நுழைந்தாலும் நூலகத்துக்குள் இருந்து வருவதுபோல அது காட்டிவிடும். ட்ரையலுக்குப் பல இடங்களில் அந்த ஏற்பாட்டைச் செய்வதில்லை. நூலகக் கட்டடத்தின் ஐபி முகவரிக்கு, அதாவது அங்குள்ள இணைய இணைப்பின் அடையாள எண்ணுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அதனால் ட்ரையல் என்று காதில் விழுந்ததும் மூன்றே கேள்வி கேளுங்கள்: வீட்டிலிருந்து பார்க்கலாமா, முழுக் கட்டுரையும் கிடைக்குமா, ஒரு நாளைக்கு எத்தனை இறக்கலாம். மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். மொத்தமாக இறக்க ஆரம்பித்தால் வெளியீட்டாளர் அந்த ஐபியையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் நூலகத்தில் யாருக்கும் அது திறக்காது.

உள்ளே போன முதல் நாள் நன்றாகவே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் பதினான்கு கட்டுரைகளும் அறிக்கைகளும் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் முகவரியையும் பிரவுசரின் மேல்பட்டையிலிருந்து நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டி வைத்தேன். மறுநாள் காலை அதே நூலகத்தில், அதே மேசையில் உட்கார்ந்து திறந்தால் பதினான்கும் அமர்வு முடிந்துவிட்டது என்கின்றன. மேல்பட்டையில் தெரிந்தது அந்த ஒரு அமர்வுக்கான தற்காலிக முகவரி மட்டும்தான். கட்டுரையின் பக்கத்திலேயே பெர்மாலிங்க் (நிரந்தர முகவரி) என்று சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், அதைத்தான் நகலெடுக்க வேண்டும். கட்டுரைக்கென்றே நிரந்தரமாகத் தரப்படும் டிஓஐ எண் இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தளம் மூடினாலும் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைத் தேடிப் பிடித்துவிடலாம். தலைப்புகளையும் குறித்திருந்ததால் பதினான்கில் பதினொன்றை மறுபடி கண்டுபிடித்தேன். அதற்கே ஒரு முற்பகல் போனது.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் முழுதாகப் படிக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். பல இதழ்களின் புதுக் கட்டுரைகளை ஓராண்டு வரை நிறுத்திவைத்துத்தான் இப்படிப்பட்ட தரவுத்தளங்களுக்குத் தருகிறார்கள். அதுவரை சுருக்கம் மட்டும்தான். தேடும்போதே முழு உரை மட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் ஏமாற வேண்டியிருக்காது.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. சந்தையின் அளவுக்கு நாடுகளின் இறக்குமதிக் கணக்கைப் பார்க்கலாம் என்று ஐ.நா.வின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத்தளமான காம்ட்ரேடுக்குப் போனேன். அதை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பொருள்களுக்கு எச்.எஸ். குறியீடு என்று ஒரு எண் உண்டு. மருத்துவக் கருவிகளுக்கு 9018. அதைப் போட்டதும் பிரமாண்டமான ஒரு தொகை வந்தது. அதை அப்படியே வரைவில் எழுதிக் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை, உடனே கூப்பிட்டு வங்கிக் கடன் வரைக்கும் பேசிவிட்டார். இரவு பத்தரை மணிக்கு, என்னவோ உறுத்த, அந்த எண்ணுக்குக் கீழே என்னென்ன வருகிறது என்று திறந்து பார்த்தேன். 901831 ஊசி சிரிஞ்சு. 901812 அல்ட்ராசவுண்டு. 901813 எம்.ஆர்.ஐ. எந்திரம். பல் மருத்துவக் கருவி, கண் மருத்துவக் கருவி எல்லாம் அதற்குள்ளேயே. எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் விலையையும் சேர்த்துக் கூட்டி, ரத்த அழுத்தக் கருவியின் சந்தை என்று எழுதியிருக்கிறேன்! ஆறு இலக்கம் வரை இறங்கினாலும் நம் கருவிக்கென்று தனி எண் கிடையாது, மற்றவை என்ற குழுவோடு கலந்துதான் கிடக்கிறது. சில நாடுகள் எட்டு இலக்கம் வரை பிரித்துத் தனி எண் கொடுத்திருக்கின்றன. அந்த நாடுகளின் சுங்கத் தரவில்தான் தெளிவான கணக்கு கிடைக்கும். காலையில் கூட்டாளியைக் கூப்பிட்டு அந்தத் தொகை தப்பு என்று சொன்னேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

விலைக்கு விற்கும் சந்தை அறிக்கைகளிலும் இதே சிக்கல்தான். ஒருவர் மருத்துவமனைக் கருவிகளையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் கைக்கடிகாரத்தையும் சேர்த்திருப்பார். சந்தைக்கு அவர்கள் கொடுக்கும் வரையறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள், தொகையை அப்புறம் பார்க்கலாம். போட்டியாளர்களைப் பற்றி நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆவணங்களை வைத்திருக்கும், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கார் தளம் எனக்கு நிறையக் கொடுத்தது. அதுவும் இலவசம், 2001 முதலான ஆவணங்களுக்குள் சொல் போட்டே தேடலாம். ஆண்டறிக்கையில் ஆபத்துக் காரணிகள் என்று ஒரு பகுதி வரும். விளம்பரத்தில் ஒரு நிறுவனம் வாயே திறக்காத சங்கதிகள் அங்கே இருக்கும். பங்குச் சந்தைப் பக்கமே போகாத தனியார் நிறுவனங்களை மட்டும் அதில் தேடிப் பயனில்லை.

உடல்நலப் பக்கம், மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் தொடங்கினேன். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அங்கே இருக்கின்றன, அதனால் கவனமாக இருக்கிறேன் என்று எண்ணி எல்லாச் சொற்றொடரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். வந்ததோ கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்தத் துறையில் ஆய்வே நடக்கவில்லை போலிருக்கிறது என்று எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன். ட்ரையலுக்காக நூலகத்தில் இருந்த ஒரு நாள், மருத்துவப் பிரிவில் இருந்த நூலகர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். திரையைப் பார்த்ததும், "மேற்கோள் குறியை எடுங்க தம்பி" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். குறி இல்லாமல் தட்டினால் பப்மெட் நம் சொல்லைத் தன்னுடைய மெஷ் என்ற தலைப்புப் பட்டியலோடு தானாகப் பொருத்திப் பார்க்கும். சாதாரண மக்கள் சொல்வதுபோல ஹை பிளட் பிரஷர் என்று போட்டாலும், அது ஹைப்பர்டென்ஷன் என்ற தலைப்பில் உள்ளதையும் சேர்த்து எடுத்து வரும். மேற்கோள் குறி போட்டதும் அந்தப் பொருத்தம் நின்றுவிடும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் அப்படியே. நம் தேடலை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்திலேயே விரித்துப் பார்க்கலாம். அந்த வரலாறு எட்டு மணி நேரம் சும்மா விட்டால் அழிந்துவிடும், ஆகவே கணக்குத் தொடங்கிச் சேமிக்கச் சொன்னார். பத்து நிமிடம் பேசியிருப்பார். அவரிடம் முதல் நாளே போயிருக்க வேண்டும்.

குவிந்த கட்டுரைகளில் எதை நம்புவது என்பதற்கு, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் முறைசார் மீளாய்வுகளை மட்டும் வடிகட்டினேன். இப்படிப்பட்ட மீளாய்வுகளை வெளியிடும் கோக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளுக்கு எளிய நடைச் சுருக்கம் இருக்கும். சிலவற்றுக்குத் தமிழிலேயே கிடைக்கிறது என்று பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம், வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பணம் கேட்கும் கட்டுரைகளுக்கு அன்பேவால் என்ற பிரவுசர் இணைப்பைப் போட்டுக்கொண்டேன். சட்டப்படி இலவசமாக எங்காவது பிரதி இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். இரண்டு கட்டுரைகளுக்கு அதுவும் கிடைக்காமல் ஆசிரியர்களுக்கே எழுதினேன். ஒருவர் அன்றே அனுப்பிவைத்தார்.

கருவி சரியாக அளக்கிறதா என்ற கேள்விக்கு விடை ஸ்ட்ரைட் பிபி தளத்தில் இருந்தது. முறையாகச் சோதித்துத் தேறிய கருவிகளின் பட்டியலை அங்கே மாடல் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரம், பொதுவான சோதனைக்குக் குறைந்தது 85 பேரிடம் அளந்து பார்க்க வேண்டும் என்கிறது. நாங்கள் விற்க நினைத்த ஏழு மாடல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்றுதான் இருந்தன. கூட்டாளி ஆசையாகத் தேர்ந்தெடுத்த மணிக்கட்டு மாடல் இல்லை.

ட்ரையலின் கடைசி நாள் மாலை, நூலகம் மூடுவதற்குள் அந்தப் பக்கங்களை அச்செடுத்து நேரே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்து நான்கு மாடல்களை அடித்துவிட்டு, "மிச்சம் மூணுக்கு மட்டும் மாதிரி அனுப்பச் சொல்லி எழுதிடு" என்றார்.