லிஃப்ட் அம்மாவும் நான் விட்டுவிட்ட கட்டமும்

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக்கு வந்ததும் எனக்கு அறிமுகமான முதல் அரசியல்வாதி கவர்னர் இல்லை, லிஃப்டில் இருந்த ஒரு அம்மா.

2012இல் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லிஃப்ட் கதவு மூடியதும் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் ஆய்வுச் சான்றிதழ். அதில் சிரித்த முகமாக ஒரு சின்னப் படம், கீழே செரி பெர்ரி என்று பெயர். லிஃப்ட் கம்பெனியின் முதலாளி போல என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பல் டாக்டர் கட்டடத்தில் அதே முகம், ராலேயில் ஒரு ஹோட்டலில் அதே முகம். மகனுக்கு அப்போது மூன்று வயது. எங்கே போனாலும் லிஃப்டுக்குள் நுழைந்ததும் "லிஃப்ட் அம்மா!" என்று கை காட்டுவான்.

அந்த அம்மா மாநிலத்தின் லேபர் கமிஷனர், அதாவது தொழிலாளர் துறையின் தலைவர். இங்கே லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அந்தத் துறையின் வேலை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதுவல்ல, அவர் யாரும் நியமித்த அதிகாரி இல்லை என்பதுதான். மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு ஜெயித்து, 2001 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். எல்லா லிஃப்டிலும் முகம் இருந்தால் தேர்தல் நேரத்தில் தனியாக போஸ்டர் எதற்கு?

அலுவலகத்தில் யாரையாவது நிறுத்தி உங்கள் கவர்னர் யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மற்ற ஒன்பது பேர் யார் என்று கேட்டால் காபி எடுக்கப் போய்விடுவார்கள். ஆமாம், மொத்தம் பத்துப் பேர். கவர்னர், லெப்டினன்ட் கவர்னர், அட்டர்னி ஜெனரல், ஆடிட்டர், விவசாயம், இன்சூரன்ஸ், லேபர் ஆகிய மூன்று துறைகளுக்கும் ஆளுக்கொரு கமிஷனர், செகரட்டரி ஆஃப் ஸ்டேட், பள்ளிக்கல்விக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட், கஜானாவுக்கு ஒரு டிரெஷரர். கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்று பெயர். கவர்னர் என்றதும் நியமனத்தில் வரும் ஆளுநரை நினைக்க வேண்டாம், முதல்வர் மாதிரி. ஆனால் தன் மந்திரிகளில் பாதிப் பேரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத முதல்வர். ஒன்பது பேரும் தனித்தனியாக மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறார்கள். வேறு கட்சியாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது.

இதன் கூத்து 2023 அக்டோபரில் தெரிந்தது. அப்போதைய கவர்னர் ராய் கூப்பர் ஜனநாயகக் கட்சி, லெப்டினன்ட் கவர்னர் மார்க் ராபின்சன் குடியரசுக் கட்சி. கவர்னர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் லெப்டினன்ட் கவர்னர்தான் பொறுப்பு கவர்னர் என்று இங்கே அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. கூப்பர் ஜப்பானுக்குப் போன நேரத்தில் ராபின்சன் பொறுப்பு கவர்னர் என்ற முறையில் இஸ்ரேலுக்கு ஆதரவாக ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். அடுத்த வருஷம் துணை ஜனாதிபதி வேட்பாளர் பரிசீலனையிலிருந்து விலகியபோது, தான் ஊரில் இல்லாவிட்டால் என்ன நடக்குமோ என்ற கவலையையும் கூப்பர் ஒரு காரணமாகச் சொன்னார். வீட்டுச் சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனவரின் கவலை.

2023இல் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024தான் முதல் ஓட்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், பல வருஷமாக ஓட்டுப் போடுகிறவர். முந்தின நாள் வாசலில் நிறுத்திச் சொன்னார்: "மேல ஜனாதிபதிக்கு மட்டும் போட்டுட்டு வந்துடாத. கீழ வரைக்கும் போ. பின்பக்கமும் இருக்கு, திருப்பிப் பாரு."

கட்சிக்கு ஒரே கட்டத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டுக் கிளம்பும் வசதி இந்த மாநிலத்தில் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் கட்டம் நிரப்ப வேண்டும். அதனால் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தேன். கவர்னர் போட்டி பற்றிப் படிக்க ஒன்றும் இல்லை, செப்டம்பரிலிருந்து டிவியில் அதுதான் ஓடியது. கல்விப் பதவிக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். பதவியில் இருந்தவரையே கட்சித் தேர்தலில் மார்ச்சில் தோற்கடித்துவிட்டு வந்தவர் மிஷெல் மாரோ. தன் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்தவர். எதிரே மோ கிரீன், கில்ஃபோர்டு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பள்ளிகளை நிர்வகித்தவர். என் மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான், எனக்கு இது தலைவலி இல்லை, தலைபோகிற விஷயம். செகரட்டரி ஆஃப் ஸ்டேட் பக்கம் போனால் எலேன் மார்ஷல். 1996இல் கார் பந்தய ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டியைத் தேர்தலில் தோற்கடித்து வந்தவர். மாநில அளவிலான நிர்வாகப் பதவிக்கு இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 2024இலும் அவரே நின்றார்.

பார்த்ததை எல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதினேன். மணி பன்னிரண்டரை ஆனபோது ஆடிட்டர் மட்டும் மிச்சம். ஆடிட்டர் என்றால் எனக்கு வரிக் கணக்குப் பார்க்கிற ஆள். இதற்கெல்லாமா தேர்தல் என்று அலுப்பு வந்தது. "ஆடிட்டர்" என்று எழுதி எதிரில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

கேரியில் ஒரு கம்யூனிட்டி சென்டரில் முன்கூட்டிய வாக்குப்பதிவு. நாற்பது நிமிஷ வரிசை. டிரைவிங் லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட்டதும், ஒரு பெரியவர் நீளமான தாளையும் கறுப்புப் பேனாவையும் கொடுத்து, முட்டை வடிவக் கட்டத்தை முழுசாக நிரப்பும்மா என்கிற மாதிரி விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். பரீட்சை எழுதும் பதற்றம். கோட்டைத் தாண்டி மை போகக் கூடாது என்று சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினேன்.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2004இல் விவசாயக் கமிஷனர் தேர்தல். கார்ட்டரெட் கவுண்டியில் மின்னணு இயந்திரத்தின் நினைவகம் நிரம்பிவிட்டது யாருக்கும் தெரியவில்லை, மக்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 4,438 ஓட்டுகள் காணாமல் போயின. ஸ்டீவ் டிராக்ஸ்லருக்கும் எதிராளி பிரிட் காபுக்கும் இடையிலான வித்தியாசமோ 2,287தான். மாதக்கணக்கில் இழுத்தது, கடைசியில் 2005 பிப்ரவரியில் காப் ஒதுங்கிக்கொண்டார். அதன்பிறகுதான் காகிதத்தில் பதிவு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த டிராக்ஸ்லர் பெயர் இருபது வருஷம் கழித்து என் தாளிலும் இருந்தது, அதே பதவிக்கு.

ஆடிட்டர் கட்டம் அட்டர்னி ஜெனரலுக்கு அடுத்து, நடுவில். பேனா அங்கே ஒரு கணம் நின்றது. தெரியாதவருக்குப் போடுவதற்குப் போடாமலே விடலாம் என்று தாண்டிப் போனேன். பின்பக்கம் திருப்பினேன், அக்கா சொன்னபடி. அங்கே அரசியல் சாசனத் திருத்தம் ஒன்று: அமெரிக்காவில் பிறந்தவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் ஓட்டுப் போடலாம் என்றிருந்ததை எடுத்துவிட்டு, குடிமக்கள் மட்டும் என்று ஒரே சொல்லாக்குவது. குடியுரிமை பெற்றவர்களுக்கும் அது செல்லும்தான், ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் என்னைக் குறிக்கும் சொல் இருந்த இடத்தை அழிக்கலாமா என்று என்னிடமே கேட்டது வேடிக்கையாக இருந்தது. அது பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது.

முடிவுகள் வந்தன. ஜனாதிபதிக்கு இந்த மாநிலம் டிரம்ப் பக்கம், சுமார் 51 சதவீதம். அதே தாளில் கவர்னருக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைன், கிட்டத்தட்ட 55 சதவீதம். பத்துப் பதவிகளும் கட்சிக்கு ஐந்தாகப் பிரிந்தன. அதாவது லட்சக்கணக்கானவர்கள் என்னை மாதிரியே ஒவ்வொரு கட்டமாக யோசித்து நிரப்பியிருக்கிறார்கள். ஆடிட்டராக குடியரசுக் கட்சியின் டேவ் போலியக் வந்தார், நெருக்கமான போட்டிதான்.

அடுத்து வந்ததுதான் எனக்குக் கன்னத்தில் அறை. அதே நவம்பரில் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஹெலீன் புயல் நிவாரணம் என்று பெயர். உள்ளே பார்த்தால், மாநிலத் தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் கவர்னரிடமிருந்து ஆடிட்டருக்கு மாற்றம். கூப்பர் தடுத்தார், டிசம்பரில் அவரது வீட்டோவை மீறி நிறைவேற்றினார்கள். (வீட்டோ அதிகாரமே இங்கே கவர்னருக்கு 1996இல்தான் கிடைத்தது, நாட்டிலேயே கடைசியாக.) வழக்கு நடந்தது, 2025 ஏப்ரலில் ஒரு நீதிமன்றம் செல்லாது என்றது, ஒரு வாரத்தில் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மே முதல் தேதியே போலியக் வாரிய உறுப்பினர்களை நியமித்துவிட்டார். வாரியத்தில் ஐந்து பேர். மூன்றுக்கு இரண்டு என்று கவர்னர் கட்சியின் பக்கம் இருந்த கணக்கு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. இனி என் கவுண்டி வாரியத்துக்குத் தலைவரை நியமிப்பவரும் ஆடிட்டர்தான்.

அக்காவிடம் சொன்னேன். "நான் கூட அதுக்குக் கண்ண மூடிட்டுத்தான் போட்டேன்" என்றார். பிறகு, "ஆனா போட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

லிஃப்ட் கதையை விட்டுவிட்டேனே. செரி பெர்ரிக்குப் பின் வந்த ஜாஷ் டாப்சன் தன் படம் வேண்டாம் என்றார், நான்கு வருஷம் லிஃப்ட் சுவர்கள் முகமில்லாமல் இருந்தன. 2024இல் லேபர் கமிஷனராக ஜெயித்த லூக் ஃபார்லி படத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவர், கொண்டும் வந்துவிட்டார். போன மாதம் பல் டாக்டர் கட்டடத்தில் பார்த்தேன். மகன் இப்போது என்னைவிட உயரம், காதில் ஹெட்ஃபோன். நிமிர்ந்து பார்த்து, "லிஃப்ட் அப்பா" என்றான்.

பணம் எடுக்க பர்ஸைத் திறந்தால் அந்தத் துண்டுச்சீட்டு லைசென்ஸுக்குப் பின்னால் இன்னும் மடிந்து கிடந்தது. மற்ற எல்லாப் பெயர்களும் மை மங்கிவிட்டன, கேள்விக்குறி மட்டும் அழுத்தி எழுதியதால் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த ஆடிட்டர் தேர்தல் 2028 நவம்பரில். சீட்டைத் தூக்கிப் போடவில்லை.