கத்தி வைக்காமல் புதைத்த ஆடுகள்

எங்கள் ஊர் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். மழை விட்டுப் புல் துளிர்த்த சமயம். முந்தின நாள் மாலை வரை மேய்ந்த செம்மறிகளில் மூன்று, விடியும்போது பட்டியில் செத்துக் கிடந்தன. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாய் ரத்தம். வெயில் ஏறியும் அது உறையவில்லை, உடம்பும் சரியாக விறைக்கவில்லை. அப்பா பார்த்ததுமே, "அடைப்பான்டா, யாரும் கத்தி வைக்காதீங்க" என்றார். அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ், மனிதருக்கும் தொற்றும் நோய்.

அதற்குள் சித்தப்பா கத்தியோடு வந்துவிட்டார். செத்த ஆட்டை அறுத்துக் கூறு போடுவது எங்கள் பக்கம் வழக்கம். போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பும். "நல்லா வேக வெச்சா என்ன ஆகும்ணே?" என்று கேட்டார். தோலுக்கு விலை பேசவும் ஆள் வந்தாயிற்று. கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போட்டுவிட்டு, கால்நடை டாக்டரம்மா வரும்வரை அப்பா பட்டி வாசலை விட்டு நகரவே இல்லை. அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன்.

டாக்டரம்மா உடம்பை அறுக்கவில்லை. கையுறை போட்டு, காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு, அந்த இடத்தை மருந்துப் பஞ்சால் அடைத்தார். "மூடின உடம்புக்குள்ள கிருமி அழுகலோட அழிஞ்சிடும். திறந்து காத்து பட்டா வித்தா, அதாவது விதை மாதிரி கெட்டி ஓட்டுக்குள்ள உறங்குற கிருமியா, மாறிடும். அப்புறம் மண்ணுல பல வருஷம் சாகாது" என்று சித்தப்பாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். சித்தப்பா கத்தியை மடித்துக்கொண்டார். மருந்தகத்தில் சாயம் ஏற்றி எனக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார்: நீலக் குச்சிகள், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை. அடைப்பான்தான்.

ஜேசிபி வைத்து ஆறடிக்குக் குழி. அடியிலும் மேலும் சுண்ணாம்பு. ரத்தம் பட்ட மண்ணையும் சுரண்டி உள்ளே போட்டோம். நாயும் நரியும் தோண்டாதபடி முள் வேலி. பக்கத்திலேயே காடு, மான் மேயும் இடம். 2022ல் கேரளத்து அதிரப்பள்ளியில் காட்டுப்பன்றிகள் செத்ததும் இதே நோயில்தான். காட்டுக்குள் போனால் யார் ஊசி போடுவது?

காய்ச்சல் கண்ட ஆடுகளைப் பிரித்து பெனிசிலின் போட்டார்கள். மற்றவற்றுக்குத் தடுப்பூசி. தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வித்து, பெனிசிலின் அதைக் கொன்றுவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாதாம். 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராவது அந்தத் தடுப்பூசி. ஆட்டைத் தொட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். வலிக்காத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் உடனே வரச் சொன்னார்கள். யாருக்கும் வரவில்லை.

இப்போது வருஷா வருஷம் மழைக்கு முன்பே ஊசி போட்டுவிடுகிறோம். நாள் தள்ளாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போடுவது சித்தப்பாதான்.