ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்

ஆத்தாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இன்சூரன்ஸ் எதிலும் தடங்கல் இல்லை. எங்களை அலைக்கழித்தது மயக்க மருந்துதான்.

ஆத்தாவின் தம்பி, எங்கள் அம்மான், எண்பதுகளில் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனார். மயக்கம் கொடுத்த சிறிது நேரத்தில் தாடை இறுகி, உடம்பு அனலாகக் கொதித்ததாம். காரைக்குடியில் முதலில் போன ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னேன். ஃபைல் எழுதியவர், "அதெல்லாம் எழுத இதுல இடமில்லை. பழைய கேஸ் ஷீட் இருந்தா கொண்டாங்க" என்றார். ஆத்தாவுக்கு முன்பு கர்ப்பப்பை ஆபரேஷனில் ஒன்றும் ஆகவில்லையே என்றும் ஒரு பேச்சு. அம்மானுக்கு ஆபரேஷன் நடந்த இடத்துக்கு ஓடினால், "பழைய ரெக்கார்டெல்லாம் எப்பவோ கழிச்சாச்சு" என்று தலை நிமிராமலே சொன்னார் கிளார்க். இன்னும் மனசு ஆறவில்லை.

மதுரையில் பார்த்த மயக்க மருந்து டாக்டர் காகிதமே கேட்கவில்லை. "கூடப் பிறந்தவரா? நீங்க சொன்னதே போதும்மா" என்றார். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவாக இருக்கலாமாம். செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், ஹாலோத்தேன் போன்ற முகர்ந்து மயங்கும் மருந்துகளும் சக்ஸினைல்கோலின் ஊசியும் சிலருக்குத் தசைக்குள் கால்சியத்தைக் கட்டுமீறி வெளியேற்றிவிடும். அதில்தான் தசை இறுகி உடம்பு கொதிக்கும். அது பரம்பரையாக வருவது. 1960இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதை முதலில் எழுதினார்கள். கால் உடைந்து வந்த இளைஞர் ஒருவர், காலைவிட மயக்கத்துக்குத்தான் பயந்தாராம். அவர் சொந்தத்தில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். வீட்டார் வாய்ச்சொல்லிலிருந்துதான் அந்த நோயே வெளிச்சத்துக்கு வந்தது!

முன்பு ஒருமுறை தப்பித்ததை வைத்து இனி வராது என்று சொல்ல முடியாது என்பதையும் மதுரை டாக்டர்தான் விளக்கினார். ஆத்தாவுக்கு மயக்க வாயுவே கிடையாது, முழுக்க ப்ரோபஃபால் ஊசி. மெஷினில் மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரைக் கழற்றி, ட்யூபெல்லாம் புதிதாக மாற்றி, நெடுநேரம் ஆக்ஸிஜன் ஓடவிட்டார்கள். இதற்கென்றே உள்ள மருந்து டான்ட்ரோலீன். அது எல்லா ஊரிலும் இருப்பில் இருக்காது. வந்துசேரும் வரை தேதியையே தள்ளிவைத்தார். அந்தப் பொறுமைக்குக் கோடி புண்ணியம்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் ராத்திரி வரை காத்திருக்காமல் மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பாருங்கள். சொந்தத்தில் யாருக்காவது மயக்கத்தில் காய்ச்சலோ, விறைப்போ, சாவோ நேர்ந்திருந்தால் அதை அந்த டாக்டர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதை நகலெடுத்து தேவகோட்டையில் இருக்கும் அம்மான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். மூத்தவனுக்கு அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். அவன் ஃபைலில் முதல் தாளே இதுதான்.