புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

முதல் உலகப் போருக்குப் போன என் கொள்ளுத் தாத்தாவின் பட்டாளம் எது என்று தேடியதில், ஏழு மாதங்கள் நான் வேறொரு பட்டாளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய பதக்க விளிம்பில் பட்டாளத்தின் எண்ணாக இருந்த 61 என் கண்ணுக்கு 64 என்று தெரிந்ததுதான் காரணம்.

கொள்ளுத் தாத்தாவின் பதக்கங்கள் குடியாத்தத்தில் அத்தை வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கின்றன. ஒன்று வெற்றிப் பதக்கம். வட்டமானது, சிறகு விரித்த பெண் உருவம் கொண்டது. இன்னொன்று குறுக்கு வாள்களும் கிரீடமும் கொண்ட 1914-15 நட்சத்திரம். இரண்டுமே வெண்கலம். அந்த நட்சத்திரம் பெற்றவர்களுக்குப் போர்ப் பதக்கம் என்ற வெள்ளிப் பதக்கமும் சேர்ந்தே வரும். அது எங்கே என்று அத்தையிடம் கேட்டேன்.

"அதை உருக்கித்தான் எனக்குக் கொலுசு செய்து போட்டார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது" என்றார்.

முதலில் மனம் துணுக்குற்றது. பிறகு யோசித்தால், ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த வெள்ளி ஒரு குழந்தையின் காலில் ஒலித்ததைவிட நல்ல இடத்துக்குப் போயிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். வெண்கலத்துக்கு அடகுக் கடையில் மதிப்பில்லை. அதனால்தான் இவை இரண்டும் நமக்கு மிஞ்சின.

அந்தக் காலப் பதக்கங்களின் முகப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளை அடையாளம் காட்டுவது விளிம்பு. சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். நட்சத்திரத்துக்கு விளிம்பில் இடமில்லாததால் பின்புறத்தில் இருக்கும். ஆனால் அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பக்தியோடு செய்த காரியம். ஆனால் பெயரின் பின்பாதியும் பட்டாளத்தின் எண்ணும் மழுங்கிவிட்டன. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

64 என்று படித்ததில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. 1903-இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது சென்னைப் படைகளின் பழைய எண்களோடு 60 கூட்டினார்கள். முதலாம் மெட்ராஸ் பயனியர் படை 61 ஆனது, நான்காம் படை 64 ஆனது. இரண்டும் நம் பக்கத்துப் படைகள், இரண்டும் பயனியர்கள், அதாவது சண்டையோடு சாலை, பதுங்குகுழி வேலையும் செய்யும் படைகள். தவறான விடையும் கச்சிதமாகப் பொருந்தியது.

கடைசியில் நட்சத்திரம்தான் காப்பாற்றியது. அதை ஒரு மரச் சட்டத்துக்குள் ஒட்டி வைத்திருந்ததால் அதன் முதுகில் புளி படவே இல்லை. அத்தையின் அனுமதியோடு சட்டத்தைப் பிரித்தேன். பூதக்கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை. 61.

பஞ்சாபைச் சேர்ந்த ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து 2021-இல் இணையத்துக்கு வரத் தொடங்கின. ஊர் பெயரைத் தட்டினால் ஆள் கிடைக்கிறார். வட ஆர்க்காட்டுக்காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் பிடித்த வழி வேறு: ஆளைத் தேடாமல் பட்டாளத்தைத் தேடுவது. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் படைகளின் போர்நாட்குறிப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சிப்பாய்களோ பெரும்பாலும் எண்ணிக்கைதான். இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேர் நோயுற்றனர். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் இவர் இருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டே படிப்பது எளிதல்ல.

61-ஆம் படை போன இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. சுமார் 8,000 பேர். அன்று ஜெர்மானியர் கையில் இருந்த தாங்கா துறைமுகத்தை, இன்றைய தான்சானியாவில் இருக்கிறது, பிடிப்பது திட்டம். ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக் ஏறத்தாழ ஆயிரம் பேரோடு எதிர்த்து நின்றார். நவம்பர் 5 அன்று பிரிட்டிஷ் படை துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறியது. அந்தச் சண்டையின் நடுவே மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் இரு தரப்பையும் விரட்டி விரட்டிக் கொட்டின.

இந்த இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. "தாத்தா சண்டைக்குப் போன இடத்தில் தேனீ துரத்தி முகமெல்லாம் வீங்கிவிட்டதாம்" என்று. குழந்தைகளைச் சிரிக்கவைக்க அவர் கட்டிய கதை என்றே மூன்று தலைமுறையாக நினைத்திருந்தோம். அன்றிரவே அத்தையைத் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாரே" என்றார்.

தாங்காவுக்குப் பிறகும் அந்தப் போர் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பயனியர் சிப்பாய் துப்பாக்கியோடு மண்வெட்டியையும் சுமப்பவன். முள்காடு வெட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி தோண்டுவது எல்லாம் அவன் தலையில். அங்கே குண்டைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின. அவர் உயிரோடு திரும்பியதால்தான் நான் இருக்கிறேன். பயனியர் படைகளோ 1933-க்குள் கலைக்கப்பட்டுவிட்டன. பலர் பெங்களூரு சாப்பர் படையில், அதாவது ராணுவப் பொறியாளர் படையில், சேர்ந்தார்கள்.

உயிரோடு திரும்பியவர்களைவிட இறந்தவர்களைக் கண்டுபிடிப்பது எளிதாக இருப்பது கொடுமை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பல சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகாவரை இருக்கிறது. அதில் தாத்தாவின் எண்ணுக்கு மிக அருகிலான எண்ணோடு ஒருவர். எங்கள் ஊரிலிருந்து அவர் ஊர் பஸ்ஸில் அரை மணி நேரம். ஏறக்குறைய ஒரே காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார்கள் என்றுதான் அந்த எண்கள் சொல்கின்றன.

இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஒரு வெண்கலத் தட்டு அனுப்பினார்கள். சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், பிரிட்டானியாவும் சிங்கமும் பொறித்தது. அதில் எண் கிடையாது, பதவி கிடையாது, பெயர் மட்டும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போகிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார்.