கையெழுத்து வேண்டாம், டிக் போதும்

2021-இல் சென்னையில் பள்ளி முன்னாள் மாணவிகள் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளைச் சமூக வலைத்தளங்களில் எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் அரசுப் பள்ளிகளுக்கு பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினார்கள். எப்போது திறந்தாலும் காலி. நம் பள்ளியில் அந்த மாதிரிப் பிரச்சினை இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள்.

பெட்டி ஏன் காலி என்று என் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "அங்க போட்டா யாரு போட்டதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

சரி, வேறு எப்படிக் கேட்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்று பையன்களும் பெண்களுமாக ஒரு குழுவிடம் விட்டேன். 'உனக்கு யாராவது தொல்லை கொடுத்தார்களா?' என்ற என் கேள்வியை அவர்கள் முதலிலேயே அடித்துவிட்டார்கள். அதற்குப் பதில், 'தனியாகப் போக எந்த இடத்தில் பயம்? எந்த நேரத்தில்?' பள்ளியின் படத்தை வரைந்து ஜெராக்ஸ் எடுத்தார்கள். கீழே கேலி, தொடுதல், பின்தொடர்தல், உடையை இழுத்தல் என்று கட்டங்கள். எழுதுவதற்கு இடமே இல்லை, டிக் மட்டும்தான். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். பேனாவும் எல்லோருக்கும் ஒரே நீலம்.

படிவங்கள் திரும்பி வந்தபோது, மணி அடித்த பிறகான சைக்கிள் ஸ்டாண்ட், லேப் பக்கத்து மாடிப்படி இரண்டும் டிக்கால் நிறைந்திருந்தன. படியேறும் பெண்களைக் கீழே நின்று பார்ப்பதும் பேசுவதும் அங்கேதான். ஆண்கள் கழிப்பறையில் ஆறாம் வகுப்புப் பையன்கள் போட்டிருந்த டிக்குகளை ஆசிரியர்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. பெரிய பையன்கள் டிரவுசரை இழுப்பது அங்கே வழக்கமாகியிருக்கிறது. பையன்களுக்குள் விளையாட்டு என்றார் ஒருவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் அதற்குக் குழந்தைகள்தான்.

மாடிப்படிக்குத் தகரத் தடுப்பு வந்தது. சின்ன வகுப்புகளுக்கு இடைவேளையைத் தனியாக மாற்றினோம். பெட்டி நூலகத்துக்குள் போனது, சீட்டுகளும் விழ ஆரம்பித்தன.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தோழி ஏதாவது சொன்னால் துருவிக் கேட்கக் கூடாது, பெயரை யாரிடமும் விடக் கூடாது. நம்பும் ஒரு பெரியவரிடம் அழைத்து வாருங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ பேசுங்கள். அதற்கு மேல் எங்கள் பொறுப்பு. "பள்ளிப் பேரு கெட்டுடும், கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்" என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் விட்டால் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதுவே குற்றம். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது என்றுகூடச் சட்டம் யோசித்திருக்கிறது. நாம் அந்தக் குழந்தையை நாலு பேர் முன்னால் நிறுத்தி விசாரிக்கத் துடிக்கிறோம்.

இந்த ஆண்டுப் படிவத்தில் கைப்பேசிக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெண்களின் படத்தை வெட்டி ஒட்டிப் போடுகிறார்களாம். கேள்வியை எப்படிக் கேட்பது என்று இப்போது அவர்களுக்குள் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.